காக்பிட்டில் சாதாரண டேப்லெட்டை நம்பலாமா? எதை வாங்கலாம், எதோடு சேர்த்து வாங்கலாம்

விமான நிறுவனங்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி பழசு. 2011 ஆகஸ்டில் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமானிகளுக்கு 11,000 ஐபேட் கொடுக்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், புறப்பாட்டிலிருந்து தரையிறக்கம் வரை எல்லாக் கட்டத்திலும் ஐபேடைப் பயன்படுத்த அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.விடம் ஒப்புதல் வாங்கியது. அதுவரை சார்ட்டுகளும் (வான்வழி, விமான நிலைய வரைபடங்கள்) கையேடுகளும் நிரம்பிய பையை விமானிகள் சுமந்தார்கள். எடை சுமார் 16 கிலோ. அந்த இடத்தை ஒரு கிலோகூட இல்லாத டேப்லெட் பிடித்தது.

அதனால், "போதுமா" என்று ஒரே சொல்லில் கேட்டால் போதும் என்றுதான் சொல்வேன். ஆனால் தனியாகச் சிறிய விமானம் ஓட்டுபவரும், சிறிய சேவை நடத்துபவரும், கப்பலிலோ தொழிற்சாலையிலோ டேப்லெட்டை வைத்து வேலை பார்க்க நினைப்பவரும் "பெரிய நிறுவனங்களே வைத்திருக்கின்றன, நமக்கென்ன" என்று எடுத்துக்கொண்டால் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகும். அந்த நிறுவனங்கள் டேப்லெட்டோடு ஓர் ஏற்பாட்டையும் சேர்த்து வாங்கின: ஒரு காக்பிட்டில் இரண்டு விமானிகள், ஆளுக்கொரு சாதனம், உறுதியான தாங்கி, மின்சார இணைப்பு, எந்த அப்டேட் எப்போது போகலாம் என்று முடிவு செய்யும் ஓர் அலுவலகம். காகிதத்தை உடனே தூக்கிப் போடவும் இல்லை. சில மாதங்கள் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்த்த பிறகே விட்டார்கள்.

நம் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. கடையில் வாங்கிய டேப்லெட்டை அப்படியே பயன்படுத்துவது ஒன்று. அதே டேப்லெட்டுக்குத் தாங்கி, வெளி ஜி.பி.எஸ்., இரண்டாவது சாதனம் என்று துணை சேர்ப்பது இரண்டாவது. தூசு, தண்ணீர், அடி தாங்கும் 'ரக்கட்' ரக டேப்லெட் மூன்றாவது. விமானத்திலேயே பதித்து, சான்றிதழோடு வரும் கருவி நான்காவது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் முடிவு. சாதனம் எத்தனை முறை கெடும் என்பதைவிட, அது கெடும்போது அதோடு சேர்ந்து வேறு எது கெடும் என்பதுதான் காக்பிட்டில் முக்கியம். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வெப்பம்

சாதாரண டேப்லெட்டின் மிகப் பெரிய பலவீனம் இதுதான். ஐபேடை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையில் இயக்கலாம் என்கிறது ஆப்பிள்; அணைத்து வைத்திருக்கும்போது −20 முதல் 45 வரை தாங்கும். வெயிலில் நிற்கும் சிறிய விமானத்துக்குள், மூன்று பக்கமும் கண்ணாடி சூழ்ந்த இடத்தில், 45 டிகிரியைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. அதாவது, சாதனத்தை இயக்குவதற்கு முன்பே அது தன் எல்லையைக் கடந்திருக்கலாம்.

சூடு ஏறும்போது டேப்லெட் படிப்படியாகத்தான் கைவிடும். முதலில் திரையின் வெளிச்சம் தானாகக் குறையும். அப்புறம் சார்ஜ் ஏறுவது நிற்கும் அல்லது மிகவும் மெதுவாகும். கடைசியில் குளிரும்வரை பயன்படுத்த முடியாது என்ற எச்சரிக்கையோடு திரை பூட்டிக்கொள்ளும். இது சாதனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முறை, கோளாறு என்று சொல்ல முடியாது. ஆனால் அது நடக்கும் நேரம்தான் மோசம். தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போகும்போது காற்றோட்டம் இருக்காது, வெயில் நேராக விழும், படிப்பதற்காக வெளிச்சத்தை முழுதாக வைத்திருப்போம், சார்ஜரும் செருகியிருக்கும். ஓடுபாதைக்குப் போகும் வழியைக் காட்டும் டாக்ஸி சார்ட்டும் புறப்பாட்டு நடைமுறையும் வேண்டியிருப்பது சரியாக அந்த நேரத்தில்தான்.

சமாளிக்க வழி உண்டு. தடிமனான உறையைக் கழற்றிவிடுங்கள். முழு சார்ஜோடு கிளம்புங்கள். பறந்துகொண்டே சார்ஜ் ஏற்றினால் பேட்டரியின் சூடும் சேர்ந்துகொள்ளும். தாங்கியைக் காற்றுத் துளைக்குப் பக்கத்தில் வையுங்கள். தொடையில் கட்டிக்கொள்ளும் பலகையில் வைத்தால் உடம்புச் சூடு கீழிருந்தும் வெயில் மேலிருந்தும் தாக்கும். பின்புறம் மின்விசிறி பொருத்திய தாங்கிகளும் கிடைக்கின்றன. வெப்பமான பகுதிகளில் பறப்பவர்களுக்கு அவை நல்ல செலவு. சூடான டேப்லெட்டைக் குளிர்சாதனப் பெட்டியிலோ பனிக்கட்டிமேலோ வைக்காதீர்கள், உள்ளே ஈரம் படியும்.

இந்த ஒரு விஷயத்தில் ரக்கட் டேப்லெட் தெளிவாக ஜெயிக்கிறது. 50 டிகிரியிலும் அதற்கு மேலும் இயங்கும் என்று உறுதி கொடுக்கும் மாடல்கள் உண்டு. உங்கள் வேலை பெரும்பாலும் திறந்த வெயிலில்தான் என்றால், மீதியைப் படிக்காமலே அந்தப் பக்கம் போகலாம்.

உயரம் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள், தேவையில்லை. ஐபேடின் இயக்க உயரம் 3,000 மீட்டர் என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது. பயணிகள் விமானத்தின் உள் அழுத்தம் சுமார் 2,400 மீட்டருக்குச் சமமாகத்தான் இருக்கும். அழுத்தம் திடீரென்று போனால் என்ன ஆகும் என்பதையும் 2011இலேயே அழுத்த அறையில் சோதித்து, 51,000 அடிக்குச் சமமான நிலையிலும் ஐபேட் வேலை செய்ததைப் பார்த்துவிட்டார்கள். பழைய மடிக்கணினிகளில் சுழலும் வன்தட்டு இருந்தது. அதன் முனை மெல்லிய காற்றுப் படலத்தில் மிதப்பதால் உயரம் கூடினால் ஆபத்து. டேப்லெட்டில் அப்படிச் சுழலும் பாகமே இல்லை.

ரக்கட் என்றால் என்ன கிடைக்கிறது

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் மில்-எஸ்.டி.டி.-810 ஒரு சான்றிதழ் என்று பலர் நினைக்கிறார்கள். அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. அதிலிருந்து எந்தச் சோதனைகளை எந்த அளவுக்குச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கலாம். கீழே போட்டுப் பார்த்ததை மட்டும் செய்துவிட்டும் அந்தப் பெயரைப் போட முடியும். ஆகவே பெயரைப் பார்க்காமல், எந்தெந்தச் சோதனை என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஐ.பி.68 என்பது தூசு உள்ளே போகாது, குறிப்பிட்ட ஆழத்தில் தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்பதைச் சொல்கிறது. அதிர்வைப் பற்றியோ வெப்பத்தைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை.

விமானக் கருவிகளுக்கான சோதனைத் தரம் இவற்றிலிருந்து முற்றிலும் வேறு. அதன் பெயர் டி.ஓ.-160. வெப்பநிலை, அதிர்வு, அழுத்தம், மின்காந்தக் குறுக்கீடு, மின்னல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை உண்டு. மென்பொருளுக்கு டி.ஓ.-178சி. ரக்கட் என்பதற்காக ஒரு டேப்லெட் இந்தத் தரத்தை எட்டிவிடுவதில்லை. இந்தக் கணக்கில் ஐபேடும் ரக்கட் டேப்லெட்டும் ஒரே பக்கத்தில்தான் நிற்கின்றன. மறுபக்கத்தில் இருப்பது பதித்த கருவி மட்டும்தான்.

ரக்கட் ரகத்தில் எனக்கு உண்மையில் பிடித்தது அதன் பேட்டரி. சாம்சங் கேலக்ஸி டேப் ஆக்டிவ்3 போன்றவற்றில் பேட்டரியைக் கையால் கழற்றி மாற்றலாம். பேட்டரியே இல்லாமல் நேரடி மின்சாரத்தில் ஓடும் வசதியும் அதில் உண்டு. நாள் முழுக்க வண்டியிலோ இயந்திரத்திலோ பொருத்தியிருக்கும் சாதனத்தில் பேட்டரி உப்பிப்போவது பெரிய தொல்லை. அதற்கு இதைவிட நல்ல தீர்வு கிடையாது.

ஆனால் செயலி? விமானிகளுக்கான சார்ட் செயலிகளில் ஃபோர்ஃபிளைட் ஐபேடிலும் ஐபோனிலும்தான் ஓடும். கார்மின் பைலட்டும் ஸ்கைடீமனும் ஆண்ட்ராய்டிலும் உண்டு. ரக்கட் சாதனங்கள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு அல்லது விண்டோஸ். ஆகவே முதலில் செயலியைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் சாதனம். இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு டெல்டா ஏர்லைன்ஸைப் பார்க்கலாம். 2013இல் அது 11,000 விமானிகளுக்கு மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் 2 கொடுக்க முடிவு செய்தது. அந்தச் சாதனத்தில் ஓடிய விண்டோஸ் ஆர்.டி. என்ற இயங்குதளத்துக்கு எதிர்காலமே இல்லாமல் போனது. சில ஆண்டுகளில் டெல்டாவும் ஐபேடுக்கு வந்துவிட்டது. சாதனத்தில் பெரிய குறை எதுவும் இல்லாமலே அது நின்றிருந்த அடித்தளம் போய்விட்டது.

ஒன்றாகக் கெடுவது

2015 ஏப்ரல் 28. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பல விமானங்களில் சார்ட் செயலி திடீரென்று முடங்கியது. டஜன் கணக்கான விமானங்கள் தாமதமாயின. சில, வைஃபை தேடிப் பயணிகள் ஏறும் வாயிலுக்கே திரும்பின. காரணம், வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தின் ஒரு சார்ட் தரவுத்தொகுப்பில் இரண்டு முறை இடம்பெற்றிருந்தது. செயலியால் அதைக் கையாள முடியவில்லை. செயலியை நீக்கி மறுபடி நிறுவியதும் சரியாகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது: அந்த ஐபேடுகள் ஒன்றுகூடக் கெடவில்லை. ஒரே செயலி, ஒரே தரவு என்பதால், ஒன்றுக்கு மாற்றாக இருந்த மற்றொன்றும் அதே காரணத்தால் நின்றது. அந்த இடத்தில் உலகத்திலேயே உறுதியான டேப்லெட் இருந்திருந்தாலும் பயனில்லை. இரண்டு சாதனம் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். ஒரே மாடல், ஒரே இயங்குதளப் பதிப்பு, ஒரே செயலி, நேற்றிரவு ஒரே நேரத்தில் போட்ட அப்டேட் என்றால், பேட்டரியும் கண்ணாடியும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உங்களிடம் இருப்பது ஒரே சாதனம்தான்.

அப்டேட்டும் இதே கதைதான். 2015இல் வந்த ஐ.ஓ.எஸ். 8.3 (அப்போதைய ஐபேட் இயங்குதளத்தின் ஒரு பதிப்பு), வெளி ஜி.பி.எஸ். கருவிகள் அனுப்பும் இருப்பிடம் செயலிகளுக்குப் போய்ச் சேருவதைக் கெடுத்தது, 8.4 வரும்வரை விமானிகள் காத்திருந்தார்கள். நிறுவனமாக இருந்தால், சாதன நிர்வாக மென்பொருள் மூலம் ஆப்பிள் அப்டேட்டுகளை 90 நாள் வரை தள்ளிவைக்கலாம். தனிநபருக்கு அந்த வசதி இல்லையென்றாலும் தானியங்கி அப்டேட்டை அணைத்து வைக்கலாம். பயன்படுத்தாத செயலியைத் தானாக நீக்கும் அமைப்பையும் அணையுங்கள். குளிர்காலம் முழுக்கப் பறக்காத ஒருவருடைய சார்ட் செயலியைக்கூட அது சத்தமில்லாமல் நீக்கிவிடும். கிளம்புவதற்கு முந்தைய நாள் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேண்டிய ஒவ்வொரு சார்ட்டும் திறக்கிறதா என்று பாருங்கள். இணையம் இருக்கும்போது எல்லாம் இருப்பதுபோலத்தான் தெரியும்.

அப்படியானால் இரண்டாவது சாதனம் எது? வேறு நிறுவனத்தின் செயலி ஓடும் போன். அல்லது சேரும் இடத்துக்கும் மாற்று விமான நிலையத்துக்குமான சார்ட்டுகள் மட்டும் அச்சடித்த சில தாள்கள். 16 கிலோ பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். சில தாள்களின் எடை ஒன்றுமில்லை, அவை டேப்லெட்டோடு சேர்ந்து கெடுவதும் இல்லை.

இருப்பிடத்தை யார் சொல்கிறார்கள்

முதல்முறை வாங்குபவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம்: வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். சிப்பே கிடையாது. சிம் வசதி உள்ள மாடலில்தான் உண்டு. சிம் போட வேண்டியதில்லை, சிப் இருந்தால் போதும். மாடலை மாற்ற முடியாதவர்களுக்கு வெளி ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது.

அதைவிட ஆழமான வேறுபாடு ஒன்றும் உண்டு. விமானத்தில் பதித்த, சான்றிதழ் பெற்ற ஜி.பி.எஸ்., கிடைக்கும் சிக்னல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இருப்பிடத்தை நம்ப முடியாத நிலை வந்தால் அதை விமானியிடம் சொல்லும். டேப்லெட் அப்படிச் சொல்வதாக எந்த உத்தரவாதமும் இல்லை. தவறான இடத்திலும் அதே அழகான விமானப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் டேப்லெட்டில் நகரும் வரைபடத்தைக் கூடுதல் உதவியாக மட்டுமே விதிகள் ஏற்கின்றன. அதை வைத்து முதன்மை வழிகாட்டலைச் செய்யக் கூடாது. மேகத்துக்குள் கருவிகளை நம்பி ஒற்றை விமானியாகப் பறப்பவர்களுக்கு என் ஆலோசனை மாறாது: முதலில் பதித்த ஜி.பி.எஸ்.ஸுக்குச் செலவு செய்யுங்கள், டேப்லெட் அப்புறம்.

கையிலிருந்து நழுவினால்

நம்பகத்தன்மை என்று பேசும்போது பலரும் மறப்பது இதை. 2014 பிப்ரவரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் வாயேஜர் விமானம் ஒன்று 27 நொடிகளில் 4,400 அடி இறங்கியது. கேப்டனின் கேமரா, இருக்கையின் கைத்தாங்கிக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுக்கும் நடுவில் சிக்கியிருந்தது. இருக்கையை முன்னால் நகர்த்தியதும் அது தண்டை அழுத்திவிட்டது. 2022 ஜூலையில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் காட்டுத்தீ அணைக்கும் பணியில் இருந்த சினூக் ஹெலிகாப்டர் விழுந்து இரு விமானிகளும் இறந்தார்கள். கட்டி வைக்காத டேப்லெட் ஒன்று விழுந்து மிதிகட்டையில் சிக்கியிருந்ததை விசாரணையாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த டேப்லெட் வேலை செய்ததா இல்லையா என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை.

தாங்கிக்குச் செலவு செய்யத் தயங்குபவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. மடியில் வைத்துக்கொள்கிறேன், பக்கத்து இருக்கையில் போடுகிறேன் என்பதெல்லாம் அமைதியான காற்றில் மட்டும் சரிவரும். தாங்கியின் இடமும் முக்கியம்: கட்டுப்பாடுகளின் முழு அசைவுக்கும் தடையாக இருக்கக் கூடாது, காந்தத் திசைகாட்டிக்கு அருகில் வேண்டாம் (டேப்லெட்டிலும் அதன் உறையிலும் காந்தங்கள் இருக்கின்றன), அவசரமாக வெளியேறும் வழியிலும் இருக்கக் கூடாது. இருக்கைத் தண்டவாளத்தில் டேப்லெட் விழுந்து நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கலாம். தீச்சுவாலையை அணைத்த பிறகும் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தால்தான் அது அடங்கும்.

எந்தச் சாதனமும் தடுக்காத ஒன்று

2009 மார்ச் 20 அன்று மெல்போர்னிலிருந்து கிளம்பிய எமிரேட்ஸ் 407 விமானத்தின் புறப்பாட்டுக் கணக்கில், எடை சுமார் 362 டன் என்பதற்குப் பதிலாக 262 டன் என்று மடிக்கணினியில் பதிவானது. ஓர் இலக்கம் தவறு, நூறு டன் வித்தியாசம். கணினி அதற்கேற்ற குறைந்த உந்துவிசையையும் வேகத்தையும் துல்லியமாகக் கணக்கிட்டுக் கொடுத்தது. விமானத்தின் வால் ஓடுபாதையில் உரசி, ஓடுபாதை முடிந்த பிறகுதான் அது மேலே எழும்பியது. கருவி முழு ஆரோக்கியத்தோடு இருந்தது. ஐபேடா, ரக்கட்டா, பதித்த கருவியா என்ற விவாதத்தில் மணிக்கணக்காகப் போகும் நேரத்தில் ஒரு பங்கை, உள்ளிட்ட எண்ணை இன்னொருவர் தனியாகச் சரிபார்க்கும் பழக்கத்துக்குக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

விமானத்துக்கு வெளியே

மற்ற தொழில்களில் முடிவு சில இடங்களில் தலைகீழாக மாறும். எரிவாயுவும் எரியக்கூடிய தூசும் சூழ்ந்த தொழிற்சாலைப் பகுதிகளில் சாதாரண டேப்லெட்டுக்கு இடமே இல்லை. தீப்பொறி கிளப்பாது என்று அதற்கென்றே சான்று பெற்ற சாதனம்தான் வேண்டும். இதில் ஒப்பீட்டுக்கே வேலையில்லை. படகில், ஈரக் கையும் திரைமேல் விழும் துளிகளும் தொடுதிரையைக் குழப்பும். வெளித்தளத்தில் நிற்பவருக்குப் பொத்தான் உள்ள கருவியோ ஈரக் கைக்கென்று வடிவமைத்த ரக்கட் திரையோதான் நல்லது. மருத்துவமனையில் முதல் கேள்வி, ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கிருமிநாசினியால் துடைப்பதைத் திரையும் விளிம்பும் தாங்குமா என்பது.

என்ன வாங்கலாம்

பகலில், தெளிவான வானிலையில் பொழுதுபோக்குக்குப் பறப்பவருக்கு சிம் வசதியுள்ள ஐபேட் மினி, நல்ல தாங்கி, வேறு செயலி உள்ள போன். பெரிய திரை ஆசை காட்டும், ஆனால் சிறிய காக்பிட்டில் அது கருவிகளை மறைக்கும். கூச்சம் குறைக்கும் போலரைஸ்டு குளிர்கண்ணாடி அணிபவர்கள் அதைப் போட்டுக்கொண்டே கடையில் திரையைக் கிடையாகவும் நெடுக்காகவும் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கம் கறுத்துப்போகலாம். வெயிலில் படிப்பதுதான் உங்கள் முதல் தொல்லை என்றால் வெளிச்ச அளவைப் பாருங்கள்: மினியில் 500 நிட்ஸ், 2024 ஐபேட் ப்ரோவில் 1,000.

திறந்த கதவோடு பறக்கும் ஹெலிகாப்டர், விவசாய மருந்து தெளிக்கும் விமானம், தூசு நிறைந்த ஓடுதளங்கள் என்றால் ரக்கட் டேப்லெட், உங்களுக்கு வேண்டிய செயலி அதில் ஓடும் பட்சத்தில். ஓடாவிட்டால் ஐபேடுக்கு ஒரு கெட்டியான உறையும் மின்விசிறித் தாங்கியும் சேர்த்து ஒரு நடுவழி போடலாம். உறை சூட்டைக் கூட்டும், விசிறி குறைக்கும். இரண்டும் சேர்ந்து எப்படி இருக்கிறது என்பதைத் தரையில், வெயிலில் நிறுத்திவைத்துச் சோதித்துப் பார்த்த பிறகு நம்புங்கள்.

சிறிய வாடகை விமான சேவை நடத்துபவர் சாதனங்களைவிட ஒரு ஆளுக்குச் செலவு செய்ய வேண்டும்: அப்டேட்டை முதலில் ஒரே ஒரு சாதனத்தில் போட்டுப் பார்த்து, ஒரு வாரம் பறக்கவிட்டு, பிறகு மற்றவற்றுக்கு அனுமதி கொடுக்கும் ஒருவர். முழுநேர வேலை தேவையில்லை, ஆனால் பொறுப்பு ஒருவர் பெயரில் இருக்க வேண்டும்.

பழைய டேப்லெட்டை மாற்றுச் சாதனமாகப் பையில் போட்டு வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஐபேட் பேட்டரி 1,000 முழுச் சுழற்சிகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது; அதைத் தாண்டிய சாதனம் குளிரிலும் சூட்டிலும் முதலில் சோர்ந்துபோகும். புதிய செயலிப் பதிப்பும் அதில் ஏறாமல் போகலாம். முதல் சாதனம் நின்றுவிட்ட நேரத்தில், கெட்ட வானிலையில், அவசரத்தில் கையில் எடுப்பது அந்த இரண்டாவதைத்தான். ஆகவே, முதல் சாதனத்தைப் போலவே அதன் பேட்டரியும் செயலியும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். அதில் உள்ள சார்ட்டுகளையும் அதே நாளில் புதுப்பித்து வையுங்கள்.